கேரவனுக்குள் திருச்சி வானொலி: எந்த வழி கைகொடுக்கும்?

இரவு பத்து மணி இருக்கும். ஒரு கால் கேரவன் படியிலும் இன்னொரு கால் புல்லிலுமாக நின்றுகொண்டு மாமா ரேடியோவைக் காதோடு பிடித்திருந்தார். கையை வெளியே நீட்டினால் நாதஸ்வரம் கேட்டது. உள்ளே இழுத்தால் வண்டு குடைவது போல ஓர் இரைச்சல். அதற்கடியில் நாதஸ்வரம் இருந்த தடமே இல்லை. இரண்டு மூன்று தடவை நீட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத்தியாடா தம்பி, வாசலோட நின்னு போயிடுது" என்றார்.

மாமா பிறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கேரவன் ஒன்றை வாங்கி, மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் நண்பருடைய டுரியான் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் ஞாயிறு மதியம்தான் வீடு திரும்புவார். நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுத் திண்ணையில் இருந்த வால்வு ரேடியோவில், சிற்றலையில், சரோஜ் நாராயணசுவாமி டில்லியிலிருந்து செய்தி வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காது அது. 2022ஆம் ஆண்டு அந்த அம்மா மறைந்த செய்தி வந்த அன்று மாமா வெகுநேரம் யாரோடும் பேசவில்லை. உள்ளூர்த் தமிழ் வானொலிகளான மின்னல் எஃப்.எம்.மும் ராகாவும் கேரவனுக்குள் தெளிவாகவே கேட்கின்றன. ஆனால் இரவில் அவருக்கு வேண்டியது கடலுக்கு அந்தப் பக்கத்து ஆகாசவாணி. அதற்கு மத்திய அலை, அதாவது ஏ.எம்., வேலை செய்தாக வேண்டும்.

ஏரியல் வாங்கு, ஆம்ப்ளிஃபயர் மாட்டு, புது ரேடியோ எடு, பேசாமல் போனில் கேள் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூன்று மாதம், வார இறுதி தவறாமல், ஏறக்குறைய எல்லாவற்றையும் அந்தத் தோட்டத்தில் செய்து பார்த்தோம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் உழைப்பு இரைச்சலை நிறுத்துவதற்கு, முதல் காசு வளைய வடிவ லூப் ஏரியலுக்கு. மற்றதெல்லாம் அப்புறம்தான். ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 320 மீட்டர். எஃப்.எம். அலை சுமார் 3 மீட்டர்தான், அதனால் ஜன்னல் வழியே ஓரளவு நுழைந்துவிடும். 320 மீட்டர் அலைக்குக் கேரவன் ஜன்னல் ஒரு துவாரமாகவே கணக்கில்லை. சுவரையும் அது தாண்டாது. இந்த அலைவரிசையில் மின்காந்த அலை அலுமினியத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போவதற்குள் நலிந்துவிடும். மாமாவின் கேரவனுக்கு வெளித்தோல் முழுக்க அலுமினியத் தகடு. சுற்றிலும் தகரம் அடித்த பெட்டிக்குள் உட்கார்ந்து கொண்டு வானொலி தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி ஃபைபர் உடம்பாக இருந்தால் இந்தத் தடை குறைவு. ஆனாலும் உள்ளே இருக்கும் இரும்பு, அலுமினியச் சட்டங்களும் மின்சாதனங்களும் தங்கள் பங்கைச் செய்யும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோவை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து பதினைந்து, இருபது அடி தள்ளிப் போய்க் கேளுங்கள். அங்கே நன்றாக இருந்தால் குற்றம் பெட்டியின் மீது. அங்கேயும் மோசமாக இருந்தால் வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரம் தவறாக இருக்கலாம், ரேடியோ போதாததாக இருக்கலாம்.

நேரம் என்றேன். தமிழ்நாட்டு நிலையங்களைப் பினாங்கில் கேட்க நினைப்பவர்கள் பலர் சறுக்குவது இதில்தான். பகலில் வானத்தின் தாழ்ந்த அயனி அடுக்கு ஒன்று மத்திய அலையை விழுங்கிவிடும். இருட்டிய பிறகு அது கரைந்து, அலை மேலடுக்கில் பட்டுத் திரும்பி, 2,400 கிலோமீட்டர் தாண்டி இங்கே இறங்கும். நமக்கு ஏழரைக்கு இருட்டிவிட்டாலும் சென்னையில் அப்போது மாலை ஐந்துதான், வெயில் இருக்கும். அங்கேயும் பொழுது சாய்ந்து, நம் கடிகாரத்தில் ஒன்பது தாண்டினால்தான் பாதை முழுக்க இருட்டு. காலை ஒலிபரப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அங்கே ஆறு மணி என்றால் இங்கே எட்டரை, வெயில் ஏறியிருக்கும். எங்களுக்குக் கிடைத்தவை இரவு ஒன்பதரையிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை: சென்னை 720, திருச்சி 936, இலங்கையை நோக்கி ஒலிபரப்பாகும் தூத்துக்குடி 1053. பாலிக் புலாவில் ஒரு வசதியும் உண்டு. பினாங்கு மலைத்தொடர் கிழக்கே முதுகுப்பக்கம் இருக்கிறது. ஜோர்ஜ்டவுன், பட்டர்வொர்த் பக்கத்து மின் இரைச்சலிலிருந்து தள்ளி இருக்கிறோம்.

இனி இரைச்சல். ஏ.எம். என்பது அலையின் வீச்சு கூடிக் குறைவதில் குரலை ஏற்றி அனுப்பும் முறை. சுற்றுப்புறத்தில் எந்த ஸ்விட்ச்சு, எந்த சார்ஜர் துடித்தாலும் அந்தத் துடிப்பும் வீச்சோடு சேர்ந்துகொள்ளும். ரேடியோவால் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தக் காலத்துச் சார்ஜரில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, அமைதியாக இருந்தது. இன்றைய இலேசான சார்ஜர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அந்த வெட்டின் எதிரொலிகள் மத்திய அலை நெடுகிலும் விழுகின்றன.

நாங்கள் செய்தது இதுதான். தோட்டத்து வீட்டிலிருந்து வரும் மின்சார ஒயரைப் பிடுங்கினோம். கேரவன் பேட்டரியின் மெயின் ஸ்விட்ச்சையும் அணைத்தோம். கும்மிருட்டு. சிறு ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு, மாமா டார்ச் பிடிக்க, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். தண்ணீர்ப் பம்பு: டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூரை விசிறி: பரவாயில்லை. சமையல் மேடைக்கு மேலே ஒட்டியிருந்த எல்.இ.டி. விளக்குப் பட்டையைப் போட்டதும் ரேடியோ அலறியது. ரேடியோவைப் பட்டையின் அருகே கொண்டுபோனோம், அவ்வளவு சத்தமில்லை. பட்டையின் ஒரு முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்கியது. அதனருகே போனதும் காதைப் பிய்த்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் அது. மாமா அதே இடத்தில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரால் அதைக் கழற்றிவிட்டு, பட்டையை நேராகப் பன்னிரண்டு வோல்ட்டில் இணைத்தார். வெளிச்சம் குறைக்க முடியாது, போகட்டும்.

இரண்டாவது குற்றவாளி பேட்டரி சார்ஜர். வெளி மின்சாரத்தைச் செருகியதும் அலைவரிசை நெடுக உறுமல். இதற்கு மருந்து, கேட்கும் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான். நல்ல பேட்டரி என்றால் விளக்குக்கும் விசிறிக்கும் ஓர் இரவு தாங்கும். அந்த ஒயரைப் பிடுங்குவதில் இன்னொரு லாபம்: தோட்டத்து வீட்டின் ஃப்ரிட்ஜ், பல்பு, டி.வி. இரைச்சலெல்லாம் அதே ஒயர் வழியாகத்தான் வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது. கூரையில் இருக்கும் சூரியத் தகட்டின் கன்ட்ரோலர் பகலில் இரையும், இரவில் சும்மா இருக்கும். நாங்கள் இரவில் மட்டும் கேட்பதால் அதைத் தொடவே இல்லை.

இரைச்சலைத் தடுக்க ஒயரில் மாட்டும், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் கிளிப்பை ஒயரில் ஒரு தடவை மாட்டிவிட்டால் மத்திய அலையில் அநேகமாக ஒன்றும் ஆகாது. ஒயரை வளையத்துக்குள் ஏழெட்டுச் சுற்று சுற்ற வேண்டும். சுற்று இரட்டிப்பானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் பெரிய துளையுள்ள வளையமாகப் பாருங்கள். எங்கள் போன் சார்ஜர் ஒயரில் அப்படிச் செய்த பிறகு இரைச்சல் நன்றாகவே இறங்கியது. முழுக்கப் போகவில்லை.

இவ்வளவுக்கும் செலவு ஒரு வளையத்தின் விலை மட்டும். வாசலோடு நின்றுபோன நாதஸ்வரம் அந்த இரவில் ஜன்னலோரம் வரை வந்தது. வேறு எந்த வழியும் இந்த அளவுக்கு ஒரே தாவலில் பலன் தரவில்லை.

சரி, வாங்கும் பொருள்களுக்கு வருவோம்.

முதலில் நான் வாங்கியது ஆம்ப்ளிஃபயர் வைத்த ஒரு ஏரியல், இணையக் கடையில். கம்பெனிப் பெயர் வேண்டாம். கூரையில் ஒட்டி, பன்னிரண்டு வோல்ட் கொடுத்து, கேரவனோடு வந்த கார் ஸ்டீரியோவில் செருகினேன். சத்தம் கூடியது உண்மை. திருச்சியும் கூடியது, இரைச்சலும் அதே அளவு கூடியது. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே உள்ள இடைவெளி விரிந்தால்தான் காதுக்கு நிம்மதி. ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. போதாக்குறைக்கு, தாய்லாந்துப் பக்கத்து நிலையங்கள் பலமாக வந்து திருச்சியின் மேல் ஏறிக்கொண்டன. இரைச்சல் இல்லாத இடத்தில், பலவீனமான ரேடியோவுக்கு இது உதவக்கூடும். கேரவனுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஸ்டீரியோவில்தான் கேட்பேன் என்பவர்களுக்குச் சாதாரணக் கார் கம்பி ஏரியல்தான் நல்லது. எழுபது, எண்பது சென்டிமீட்டர் நீளக் கம்பி, அடிப்பாகம் கூரைத் தகட்டோடு நன்றாகத் தொட்டு எர்த் ஆகியிருக்க வேண்டும். ஃபைபர் கூரையில் அந்த எர்த் கிடைக்காது, கீழே ஒரு தகடாவது வைத்துச் சட்டத்தோடு இணைக்க வேண்டியிருக்கும். ஆனால் கோளாறு பெரும்பாலும் கம்பியில் இருக்காது, அதிலிருந்து ஸ்டீரியோவுக்கு வரும் கேபிளில்தான் இருக்கும். கார் ஏரியலுக்கென்று வரும் கேபிளில் நடுக்கம்பி மெல்லியதாக, சுற்றிலும் காற்று இடைவெளியோடு இருக்கும். அது போதாமல் சாதாரணக் கோஆக்ஸ் கேபிளை நான்கு மீட்டர் ஒட்டி நீட்டினால், குட்டைக் கம்பி பிடித்த கொஞ்ச சிக்னலையும் அந்தக் கேபிளே உறிஞ்சிவிடும். எஃப்.எம். அப்படியே இருக்கும், ஏ.எம். மட்டும் செத்துப்போகும். மாமா வண்டியில் முந்தைய உரிமையாளர் செய்திருந்தது இதேதான். கேபிளைக் குறுக்கி, ஏரியலை ஸ்டீரியோவுக்கு நேர் மேலே மாற்றியதும் ஸ்டீரியோவில் முதன்முறையாகச் சென்னை கேட்டது. லேசாகத்தான்.

புது ரேடியோ வாங்குவதா? இங்கே எனக்கும் மாமாவுக்கும் கருத்து வேறுபாடு. மத்திய அலையை ரேடியோ பிடிப்பது நீட்டுகிற கம்பியால் அல்ல, உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டால். தண்டு நீளமாக இருந்தால் பிடிப்பு அதிகம். உள்ளங்கை ரேடியோவில் விரல் நீளம்தான் இருக்கும். பெரிய மேஜை ரேடியோக்கள் சிலவற்றில் இருபது சென்டிமீட்டர் தண்டு உண்டு. அந்த வித்தியாசம் வெளியே நன்றாகத் தெரியும். தகரப் பெட்டிக்குள் வைத்தால் இருபது சென்டிமீட்டர் தண்டுக்கும் அதே கதிதான். ஆகவே இது இரண்டாம் கட்டச் செலவு என்பது என் எண்ணம். நல்ல ரேடியோ வீட்டிலும் பயன்படுமே என்பது மாமா கட்சி. அதுவும் நியாயம்தான்.

வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்காவில் 10. அங்கே விற்கும் டிஜிட்டல் ரேடியோவை உறவினர் யாராவது கொண்டுவந்து கொடுத்தால், 9/10 மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 720 கிடைக்கும். 936 கிடைக்காது, 930க்கும் 940க்கும்தான் தாவும். தூத்துக்குடியும் போச்சு. முள் நகரும் பழைய ரேடியோவுக்கு இந்தக் கவலை கிடையாது.

நீள ஒயரைப் பற்றித் தயக்கத்தோடு சொல்கிறேன். பத்துப் பதினைந்து மீட்டர் ஒயரை ஜன்னல் ரப்பர் இடுக்கு வழியே வெளியே விட்டு டுரியான் கிளையில் கட்டி, உள்முனையை ரேடியோவின் மேல் ஐந்தாறு சுற்று சுற்றினோம். செலவு மிகக் குறைவு, சிக்னல் துள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் அது எல்லாத் திசையிலிருந்தும் எல்லாவற்றையும் அள்ளுகிறது. தாய்லாந்து, சுமத்ரா, தோட்டத்து வீட்டு பல்பு, தூரத்து மின்னல் என்று பாகுபாடில்லை. அதைவிட முக்கியம், இடி. நம் நாட்டில் இடி எப்போது வரும் என்று சொல்லி வருவதில்லை. சுமத்ராப் பக்கமிருந்து விடிகாலையில் புயல்மழை வேகமாக வந்து அடிக்கும். மரத்தில் கட்டிய ஒயர் படுக்கைக்குப் பக்கத்தில் முடிவதை நினைத்து நான் அன்று தூங்கவில்லை. காலையில் அவிழ்த்துவிட்டேன். மழை இல்லாத இரவில், பார்த்துக்கொண்டே இருந்து, படுக்கும் முன் கழற்றி வெளியே போட்டுவிடும் ஆட்களுக்கு மட்டும் இது சரி.

இனி லூப் ஏரியல். கடையில் கிடைப்பதில் டெக்சன் ஏ.என். 200 போன்றது தட்டளவு வளையம், அடியில் ஒரு குமிழ். மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துக் குமிழைத் திருப்பினால் ஓர் இடத்தில் குரல் திடீரென்று நிமிர்ந்து எழும். அந்த நொடியில் மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வளையத்தின் சுருளும் குமிழுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டும் ஒத்திசைகின்றன. அருகிலுள்ள தண்டுக்குக் காற்று வழியாகவே சிக்னலை ஊட்டுகின்றன. வேறு நிலையத்துக்குப் போனால் குமிழையும் மறுபடி திருப்ப வேண்டும்.

அதன் உண்மையான பலம் திசையில் இருக்கிறது. வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கி இருந்தால் பிடிப்பு அதிகம். வளையத்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கிவிடும். பினாங்கிலிருந்து தமிழ்நாடு மேற்கே, லேசாக வடக்குச் சாய்வாக இருக்கிறது. விளிம்பை அந்தப் பக்கம் வைத்தால் முகம் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். வடக்கே தாய்லாந்து. அந்த நிலையங்கள் பெரும்பாலும் பின்வாங்கிவிட்டன. ஆம்ப்ளிஃபயரால் முடியாத வேலை இது. இரைச்சல் தரும் சாதனம் ஒன்றை அணைக்கவே முடியாது என்றாலும், முகத்தை அதன் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த லூப்பும் தகரப் பெட்டியின் நடுவில் வைத்தால் வீண். ஜன்னல் விளிம்பில் வைத்தால் பாதிப் பலன். முழுப் பலன் வேண்டுமானால் வளையம் வெளியே இருக்க வேண்டும். அதற்காக நாங்களே ஒன்று கட்டினோம். அறுபது சென்டிமீட்டர் சதுர மரச்சட்டம், அதில் பதினொரு சுற்று, ஏறக்குறைய 26 மீட்டர் ஒயர். பழைய ரேடியோவில் முள்ளை நகர்த்தும் கெப்பாசிட்டர் ஒன்று, 365 பிக்கோஃபாரட். அது நனையாமல் இருக்க மாமி ஒரு சாப்பாட்டு டப்பா கொடுத்தார். அந்தப் பதினொரு சுற்றோடு ஒட்டாமல் தனியாக ஒரு சுற்று, அதன் இரண்டு முனைகளையும் முறுக்கிய ஜோடி ஒயராக ஜன்னல் வழியே உள்ளே விட்டோம். உள்ளே அது ரேடியோவின் முதுகில் எட்டுச் சுற்றுச் சுருளாக முடிகிறது. சட்டம் வண்டியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, ரம்புத்தான் மரத்தடியில் நிற்கிறது.

குறை என்ன என்றால், நிலையம் மாற்ற வெளியே நடக்க வேண்டும். கொசு இருக்கிறது. மாமாவுக்குத் திருச்சி ஒன்றே போதும் என்பதால் அவர் கவலைப்படவில்லை. ஊர் ஊராக முள்ளைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஜன்னலோரத்துச் சிறிய லூப்தான் பொருத்தம். நாளைக்கு ஓரிடம் என்று வண்டியை நகர்த்துபவர்களுக்கும் அதுவே. மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

போனை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆகாசவாணியின் செயலியில் தமிழ் நிலையங்கள் கிடைக்கின்றன. 64 கிலோபிட் ஓடை என்றால் மணிக்கு 29 எம்.பி. அளவுதான் செலவு. நிகழ்ச்சி மட்டும்தான் வேண்டும், அதுவும் பகலில் வேண்டும் என்பவர்கள் இதையெல்லாம் படித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை, போனே போதும். காலைச் செய்திக்கு மாமாவும் போனில்தான் கேட்கிறார். இரவில் மட்டும் மாட்டேன் என்கிறார். "அது கேக்குறதுடா, இது வர்றது" என்றார். கடலைத் தாண்டி ஏறி இறங்கி, சில நிமிடம் மங்கி, திரும்பத் தெளிவாகும் குரலை அவர் அப்படித்தான் சொல்கிறார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இப்போது கேரவன் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, மாமாவின் கையெழுத்தில். ஒன்பதரைக்கு வெளிப் பிளக்கைப் பிடுங்கு. போன் சார்ஜரை எடு. சட்டத்தின் விளிம்பு தென்னை மரத்தைப் பார்க்கட்டும். இடி கேட்டால் ஒயரைக் கழற்றி வெளியே போடு. கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு.